முத்தையா ஸ்டோர் டாட் முன்பு

முத்தையா ஸ்டோரை இடித்து ரிவர்வியூ பிளாட்ஸ் கட்டிய பிறகு, ஸ்டோருக்குப் போக வேண்டுமானால் போனில் டி.என்.எஸ். மாற்றிக்கொண்டுதான் போக வேண்டும். உறையூரில் இடிபட்ட இடங்கள் எல்லாவற்றுக்கும் இதுதான் வழி. கட்டடம் நிற்கும்வரை அதன் பெயர் டாட் காம் என்றோ டாட் இன் என்றோ முடியும். இடித்த மறுநாள் டாட் முன்பு ஆகிவிடும். சாதாரண போனுக்கு டாட் முன்பு தெரியாது. கேட்டால் அப்படி ஓர் இடமே இல்லை என்று சாதித்துவிடும்.

டி.என்.எஸ். என்றதும் பயப்பட வேண்டாம். நாம் ஒரு பெயரைச் சொல்கிறோம், அது விலாசத்தைச் சொல்கிறது, அவ்வளவுதான். ஆனால் சாதாரண டி.என்.எஸ்.ஸில் கேட்பது போஸ்ட் கார்டில் எழுதிக் கேட்பது மாதிரி. போகிற வழியில் அத்தனை பேரும் படிப்பார்கள். செல்போன் டவரில் படிப்பார்கள், பால் பூத்தில் படிப்பார்கள், எங்கள் பிளாட்ஸ் சங்கத்தின் செயலாளர் கோதண்டபாணி சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவையும் படிப்பார். பூட்டுப் போட்ட டி.என்.எஸ். என்பது ஒட்டிய கவர். யார் கேட்டார்கள், எதைக் கேட்டார்கள் என்று ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது.

முத்தையா ஸ்டோரைக் கேட்பதற்குக் கவர் அவசியம். ஒரு மனையில் இரண்டு கட்டடங்கள் ஒரே சமயத்தில் நிற்க முடியாது. ஆகவே யாராவது ஸ்டோருக்குப் போனால், அவர் திரும்பி வரும்வரை ரிவர்வியூ பிளாட்ஸ் இருக்காது. அதில் இருந்தவர்கள் அப்படியே தெருவில் நிற்பார்கள். தோசை வார்த்துக்கொண்டிருந்தவர் கையில் கரண்டியோடு நிற்பார், தோசை கல்லோடு போய்விடும். குளித்துக்கொண்டிருப்பவர்களுக்காகச் சங்கம் எதிர்ப்பக்கம் டிரான்ஸ்பார்மருக்கு அருகில் ஒரு தகரப் பெட்டியில் துண்டுகள் வாங்கி வைத்திருந்தது. தெருவிலிருந்து பார்த்தால் ஸ்டோரும் தெரியாது, பிளாட்ஸும் தெரியாது, காலி மனைதான் தெரியும். கொஞ்ச நேரம் கழித்துக் கட்டடம் வந்துவிடும். எல்லோரும் உள்ளே போய் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்வார்கள்.

நானும் ரிவர்வியூ பிளாட்ஸில்தான் இருந்தேன். மூன்றாவது மாடி. பெயர்தான் ரிவர்வியூ, ஜன்னலைத் திறந்தால் டிரான்ஸ்பார்மர். என் பெயர் அகிலாண்டம். என் வீட்டுக்காரர் தாயுமானவன் கூட்டுறவு பண்டகசாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிளாட்ஸ் வருவதற்கு முன்னால் அதே மனையில், முத்தையா ஸ்டோரின் நாலாவது போர்ஷனில் குடியிருந்தோம். ஸ்டோர் என்றால் கடை இல்லை. நடுவில் நீளமாக ஒரு நடை, இரண்டு பக்கமும் வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள், கோடியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். இதைத்தான் எங்கள் பக்கம் ஸ்டோர் என்போம்.

ஐந்தாவது போர்ஷனில் பிலோமினா இருந்தாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். ஊரில் யார் பெயரைச் சொன்னாலும் நம்பரைச் சொல்லிவிடுவாள், யோசிக்கக்கூட மாட்டாள். டியூட்டி முடிந்து வந்தால் ஹெட்போன் அழுத்திய இடத்தில் தலைமுடி படிந்திருக்கும். அதை விரலால் கோதிக்கொண்டே என் அடுக்களை வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவாள். நான் கீரை ஆய்வேன். அவள் அன்றைக்கு யார் யார் டிரங்கால் போட்டு எப்படிக் கத்தினார்கள் என்று நடித்துக் காட்டுவாள். தஞ்சாவூரிலிருந்து ஒருவர் தன் பெண்டாட்டியிடம், அத்தனை செலவு செய்து டிரங்கால் போட்டு, "அங்கே மழையா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்ததை நடித்துக் காட்டிய அன்று, கீரைத் தட்டு கவிழ்ந்து நான் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்குப் பிறகு அந்த மாதிரி ஒரு சிரிப்பு எனக்கு வரவில்லை.

இடிப்பதற்கு முன்பு பிலோமினாவின் சாமான் ஏற்றிய லாரி முதலில் போனது. போய்ச் சேர்ந்ததும் கடிதம் போடுகிறேன் என்றாள். போட்டிருப்பாள். ஆனால் அவளுக்குத் தெரிந்த என் விலாசம் முத்தையா ஸ்டோர், அது கடப்பாரையடிபட்டுச் செங்கல்லாகக் கிடந்தது. அவளுடைய புது விலாசமோ அந்தக் கடிதத்தில்தான் இருந்தது. இப்படித்தான் விட்டுப்போனது, யார் மேலும் தப்பு இல்லை. போன் வந்த காலத்தில் அவள் பெயரைப் போட்டுக் கேட்டுப் பார்த்தேன். அப்படி ஒரு பெயர் இல்லை என்று வந்தது. மகன் இருக்கிறான், மருமகள் இருக்கிறாள், மூன்றாவது மாடியில் காற்றுகூட வருகிறது. ஆனாலும் சாவதற்குள் அவளை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணம் மட்டும் அடங்கவே இல்லை.

சாலை ரோட்டில் ஜியாவுதீன் பாய் போன் கடை வைத்திருக்கிறார். போனுக்கு உறை மாற்றப் போயிருந்தபோது அவராகவே சொன்னார்.

"உங்க பழைய பக்கத்து வீட்டம்மா வந்திருந்தாங்களேம்மா. டெலிபோன்ல வேலை பாத்தவங்க. இங்க எதோ கல்யாணத்துக்கு வந்தாங்களாம். டாட் முன்புக்கு டி.என்.எஸ். போட்டுக் குடுக்கச் சொன்னாங்க."

"எந்த ஊர்ல இருக்காளாம் பாய்? நம்பர் வாங்கலையா?"

"கடைக்கு வர்ற பொம்பளைங்ககிட்ட நம்பர் கேட்டா தப்பா நெனைப்பாங்கம்மா."

அது நியாயம்தான். அப்போதுதான் எனக்கு இன்னொன்றும் புரிந்தது. கொஞ்ச காலமாகவே காலை வேளைகளில் பிளாட்ஸ் காணாமல் போய்க்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் பாதி முகம் சோப்பு நுரையோடு தெருவில் நிற்பார். நான் குக்கர் வெயிட்டைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். நாங்கள் அப்படி நின்றுகொண்டிருந்தது பிலோமினா தன் ஊரிலிருந்தே கேட்டு ஸ்டோருக்குள் வந்திருந்ததால்தான்.

பாய் எனக்கும் வழி சொன்னார். செட்டிங்ஸுக்குப் போக வேண்டும். அதில் நெட்வொர்க். அதில் தனிப்பட்ட டி.என்.எஸ். என்று இருக்கும். தானாகவே என்பதை எடுத்துவிட்டு, வழங்குநரின் பெயர் என்கிற கட்டத்தில் பெயர்சொல்லி டாட் முன்பு என்று அடித்துச் சேமிக்க வேண்டும்.

"பாத்து அடிங்கம்மா. தப்பான பேரா இருந்தா எதுவுமே வராது. வாட்ஸப் வராது, கேஸ் புக் பண்ண முடியாது, வீட்டுக்குப் போற வழிகூட வராது. அவ்வளவு கறார் அது."

வீட்டுக்கு வந்து, கையை அலம்பிக்கொண்டு உட்கார்ந்து அடித்தேன். மளிகைச் சாமான் எழுதினாலும் சரி, கல்யாணப் பத்திரிகை எழுதினாலும் சரி, பிள்ளையார் சுழி போடாமல் நான் எதையும் ஆரம்பித்தது கிடையாது. கை தானாக முதலில் உ என்று அடித்து, அப்புறம்தான் பெயருக்குப் போனது. சேமி என்பதை அழுத்தினேன். பச்சை விளக்கு வந்து இணைந்துவிட்டது. முத்தையா ஸ்டோர் டாட் முன்பு என்று கேட்டேன்.

நடையில் நின்றிருந்தேன். குழாயடியில் குடம் வைக்கிற கல் அதே பக்கம் சாய்ந்திருந்தது. மூன்றாவது போர்ஷன்காரர் நடையை மறித்து வைத்திருந்த சைக்கிள் வழக்கம்போல் என் முழங்கையில் இடித்தது. எனக்கு அந்தச் சைக்கிளைக் கண்டாலே ஆகாது, அன்றைக்கு அதைத் தடவிக் கொடுத்தேன். என் வீடு திறந்திருந்தது. அடுப்பு மேடை என் இடுப்பு உயரத்துக்குச் சரியாக இருந்தது. மூன்றாவது மாடியில் மேடை எனக்கு எப்போதுமே ஒரு சாண் உயரம்.

ஐந்தாவது போர்ஷன் பூட்டியிருந்தது.

ஆனால் மீன் குழம்பு வாசனை வந்தது. பிலோமினா மாங்காய் போட்டு வைப்பாள், அந்த வாசனை. கொடியில் துணி இல்லை, ஆனால் கொடிக்குக் கீழே தரை சொட்டுச் சொட்டாக நனைந்திருந்தது. கதவைத் தட்டினேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பிறகு என் அடுக்களை வாசலில் உட்கார்ந்து காத்திருந்துவிட்டுத் திரும்பினேன். மறுநாளும் போனேன். தினமும் போனேன். தினமும் வாசனை இருந்தது, கதவு பூட்டியிருந்தது. ஒரு நாள் அவள் பூட்டில் நான் செருகி வைத்த கனகாம்பரம் மறுநாள் அங்கே இல்லை.

அந்த நாட்களில் பிளாட்ஸ்காரர்கள் தினமும் அதிக நேரம் தெருவில் நின்றார்கள். நின்றவர்களில் நான் மட்டும் இல்லை என்பதைக் கோதண்டபாணி சார் கவனித்துவிட்டார்.

"மேடம் எங்கே சார்?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டிருக்கிறார்.

"கோயிலுக்குப் போயிருக்கா."

"தினமுமா? நல்ல பக்தி சார்."

இதை என் வீட்டுக்காரர் என்னிடம் சொல்லும்போது சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. இனிமேல் போவதற்கு முன்னால் சொல்லிவிட்டுப் போ, நான் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறேன் என்றார்.

சங்கம் கூடியது. கட்டடங்களின் டாட் பெயர்களைப் பதிவு செய்கிற பெயர் ஆபீசுக்கு மனுப் போடுவது என்று முடிவானது. கோதண்டபாணி சார் எழுந்து பேசினார். ஒரு மனைக்கு ஒரு கட்டடம்தான் என்பது சட்டம். பெயர் ஆபீசிலிருந்து அதிகாரி வந்து இரண்டு கட்டடத்தையும் பார்ப்பார். எதில் ஆள் இல்லையோ அதன் பெயரை நிரந்தரமாக மூடிவிடுவார். அதற்குப் பிறகு எந்த டி.என்.எஸ். போட்டாலும், எந்தக் கவரில் கேட்டாலும் அந்த இடம் வராது. ஆகவே அதிகாரி வருகிற வெள்ளிக்கிழமை காலையில் யாரும் வெளியே போகக் கூடாது, எல்லோரும் அவரவர் வீட்டில் நன்றாகத் தெரிகிற மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். ஆனால் ஸ்டோரை மூடினால் ஐந்தாவது போர்ஷனையும் மூடுவார்கள். பிலோமினாவைத் தேடிப் போக எனக்கு உலகத்தில் வேறு இடம் இல்லை.

மறுநாளே பாய் கடைக்குப் போனேன்.

"அவ போன்ல என்ன பேர் போட்டீங்க பாய்? அதே பெயர்சொல்லிதானே?"

"அதேதாம்மா. அவங்களேதான் அடிச்சாங்க. கண்ண மூடி வேண்டிக்கிட்டு, மொதல்ல சின்னதா ஒரு சிலுவைக் குறி போட்டாங்க. அப்பறம் பேர அடிச்சாங்க. நீங்க?"

"நான் பிள்ளையார் சுழி போட்டேன்."

"அதான்."

பாய்க்கு உடனே விளங்கிவிட்டது. எழுத ஆரம்பிக்கும்போது குறி போடுகிற பழக்கம் இந்த ஊரில் எல்லோருக்கும் இருக்கிறது. சுழி போட்டு அடிக்கிறவர்கள் நிறையப் பேர் ஆகிவிட்டதால் அந்தப் பெயரிலேயே, கேட்டால் விலாசம் சொல்கிற சர்வர் ஒன்று தனியாக வந்துவிட்டது. சிலுவை போட்டு அடிக்கிறவர்களுக்கு ஒன்று. பாய் தன் போனில் எழுநூற்று எண்பத்தாறு போட்டு அடித்திருக்கிறார். அதில் அவர் சின்ன வயசில் கிரிக்கெட் ஆடிய மைதானம் வருகிறதாம், ஆனால் எதிர் டீம் மட்டும் வருவதில்லை. ஸ்டோர் ஒன்றுதான். ஆனால் ஒரு வழியில் கேட்டு வந்தவருக்கு இன்னொரு வழியில் கேட்டு வந்தவர் தெரியமாட்டார். அவர் வீடு பூட்டித்தான் இருக்கும்.

அதாவது நான் அவள் கதவைத் தட்டிக்கொண்டிருந்த அத்தனை நாளும் அவள் என் கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு அந்தக் கடையிலேயே அழுகை வந்துவிட்டது. பாய் மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"நீங்களும் சிலுவை போட்டு அடிங்கம்மா, முடிஞ்சது."

"சுழி போடாம எப்படி பாய் ஆரம்பிக்கிறது?"

அது பாய்க்கும் புரிந்தது. அவராலும் எழுநூற்று எண்பத்தாறு போடாமல் ஆரம்பிக்க முடியாது.

வெள்ளிக்கிழமை காலையில் ரிவர்வியூ பிளாட்ஸே ஜோடித்து உட்கார்ந்திருந்தது. எல்லா வாசல் கதவுகளும் திறந்திருந்தன. கோதண்டபாணி சார் ஹாலில் கோட்டுப் போட்டுக்கொண்டு சோபாவில் அமர்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் போனை எடுத்து, கட்டத்தில் முதலில் சுழி போட்டேன். அதற்கு அடுத்து ஒரு சிலுவைக் குறி போட்டேன். அப்புறம் பெயர்சொல்லி டாட் முன்பு. என் வீட்டுக்காரர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"இப்படி யாராவது போட்டிருப்பாங்களா?" என்றார்.

"தெரியலைங்க."

"வரலைன்னா வீட்டுக்கு வழிகூட வராதுன்னு பாய் சொன்னாரே."

"நீங்கதான் தெருவுல நிப்பீங்களே. உங்களைப் பாத்து வந்துடறேன்."

சேமி என்பதை அழுத்தினேன். பச்சை விளக்கு வரவில்லை. கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு வரி வந்தது. இந்தப் பெயரில் வழங்குநர் யாரும் இல்லை, நீங்களே வழங்குநராக இருக்கிறீர்களா என்று கேட்டது. கீழே ஆம் என்றும் இல்லை என்றும் இருந்தன.

"யோசிச்சு அழுத்து" என்றார் அவர்.

ஆம் என்பதை அழுத்தினேன்.

ஸ்டோரில், என் அடுக்களை வாசலில் உட்கார்ந்திருந்தேன். வழங்குநர், அதாவது சர்வர், ஆனதால் பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை, உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கத்தான் தோன்றவில்லை. உடனே கேள்விகள் வர ஆரம்பித்தன. ஒரு சர்வருக்குப் பதில் தெரியாவிட்டால் அது கேள்வியை அடுத்த சர்வருக்குத் தள்ளிவிடும், அது அதற்கடுத்ததற்குத் தள்ளிவிடும். புதிதாக ஒருத்தி வந்திருக்கிறாள் என்றதும் தேங்கிக் கிடந்தது அத்தனையும் என் மடியில் வந்து விழுந்தது. எல்லாம் ஒட்டிய கவர்கள். யாரோ ஒரு லாட்ஜைக் கேட்டிருந்தார்கள். யாரோ ஒரு சைக்கிள் ஸ்டாண்டைக் கேட்டிருந்தார்கள். ஒரு கவரில் மூக்குக்கண்ணாடி எங்கே என்று இருந்தது. அது என் வீட்டுக்காரர். சட்டைப் பையில் என்று பதில் அனுப்பினேன்.

அப்புறம் சிலுவைக் குறி போட்ட கவர்கள் வந்தன. ஒன்று, இன்னொன்று, அதற்கப்புறம் கொத்துக் கொத்தாக. பிரித்தேன். எல்லாவற்றிலும் ஒரே சொல்தான் இருந்தது. அகிலாண்டம். பழைய கவர்கள் மஞ்சளாகிப் போயிருந்தன. புதியவற்றில் பசை ஈரம் காயவில்லை. எத்தனை வருஷமாகக் கேட்டிருக்கிறாள். எத்தனை இடத்தில் அப்படி ஒரு பெயர் இல்லை என்று சொல்லியிருப்பார்கள். ஊருக்கெல்லாம் நம்பர் சொன்னவளுக்கு ஒரு நம்பர் சொல்ல ஆள் இல்லை. கண்ணீர் கவர் மேல் விழுந்து எழுத்து கலைந்துவிடுமோ என்று தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பதில் போட்டேன். இங்கேதான்டி இருக்கிறேன், நாலாவது போர்ஷன்.

ஐந்தாவது போர்ஷனின் பூட்டு நடையில் விழுந்த சத்தம் கேட்டது. கதவு திறந்தது. பிலோமினா முழங்காலில் பெல்ட் போட்டிருந்தாள். தலைமுடி முழுக்க வெளுத்திருந்தது, ஆனால் ஹெட்போன் அழுத்திய இடம் அப்படியே படிந்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்து, இரண்டு கையாலும் என் கன்னத்தைப் பிடித்தாள்.

"எவ்வளவு நாளா லைன் போட்டுக்கிட்டு இருக்கேன், இப்பத்தான் எடுக்கிறியா?"

"நான் தெனமும் வந்து உன் கதவைத் தட்டினேன்டி."

"நான் உன் கதவைத் தட்டினேன். ஒரு நாள் என் பூட்டுல பூவு மட்டும் இருந்துச்சு. பேயோன்னு நெனச்சேன்."

"எடுத்து வெச்சுக்கிட்டியா?"

"பின்ன? பேய் குடுத்தா என்ன, கனகாம்பரம் கனகாம்பரந்தானே."

நான் சிரித்தேன். சிரிப்பு நிற்கவில்லை. அவளும் சிரித்தாள், பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உட்கார முடியாமல் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, பேச ஆரம்பித்தோம். அவள் கொடைரோட்டில் தங்கை மகன் வீட்டில் இருந்தாளாம். நல்ல பையன், ஆனால் வீட்டில் யாரும் யாரோடும் பேசுவதில்லை, ஆளுக்கொரு போன். அதனால்தான் அவளும் ஒரு போன் வாங்கியிருக்கிறாள். வாங்கியதிலிருந்து எதைத் திறந்தாலும் முதலில் என் பெயரை அடித்துப் பார்ப்பாளாம். சமையல் குறிப்புக்குப் போனாலும் என் பெயர், ரயில் டிக்கெட்டுக்குப் போனாலும் என் பெயர்.

"ரயில்ல நான் இருப்பேன்னா?"

"யாரு கண்டா."

குழம்பு தீய்கிற வாசனை வந்து அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். நான் போய் இறக்கி வைத்துவிட்டு வந்தேன். அவள் வீட்டுக் கரித்துணி எங்கே தொங்கும் என்று என் கைக்குத் தெரிந்திருந்தது.

அப்போது நடையில் ஒரு பெண் வந்தாள். சின்ன வயசு, கையில் குடை, கழுத்தில் பெயர் ஆபீசின் அடையாள அட்டை. அவர்களுடைய போனில் எல்லா வழியும் திறந்திருக்கும், அதனால் எங்கும் போகலாம். சைக்கிளில் முழங்கையை இடித்துக்கொண்டு வந்து எங்கள் முன்னால் நின்றாள்.

"நீங்க ரெண்டு பேரும் இங்கதான் இருக்கீங்களாம்மா?"

"வேற எங்க இருப்போம்?" என்றாள் பிலோமினா. "சாப்பிடுறியாம்மா? மீன் குழம்பு."

வெள்ளிக்கிழமை சாப்பிடுவதில்லை என்று சொல்லிவிட்டு, எங்களை ஒரு தடவை நன்றாகப் பார்த்துக்கொண்டு அந்தப் பெண் போய்விட்டாள்.

வெளியே நடந்ததை என் வீட்டுக்காரர் பின்னால் சொன்னார். நாங்கள் ஸ்டோரில் இருந்ததால் பிளாட்ஸ் இல்லை. பிளாட்ஸ் இல்லாததால் அதிலிருந்த எல்லோரும் தெருவில் நின்றார்கள். கோதண்டபாணி சார் கோட்டோடு, உட்கார்ந்த வாக்கில் கால் மடங்கி நின்றிருந்தாராம். அதிகாரி வந்து ஸ்டோரில் ஆள் இருக்கிறது, பிளாட்ஸில் ஒருவரும் இல்லை, ஆகவே பிளாட்ஸின் பெயர் மூடப்படுகிறது என்று அறிவித்திருக்கிறாள்.

"நாங்கள்லாம் இங்கதானேம்மா நிக்கிறோம்!" என்று சார் கத்தினாராம்.

"தெருவுல நிக்கிறவங்க தெருக் கணக்குல வருவாங்க சார். கட்டடக் கணக்குல வர மாட்டாங்க."

விதி விதிதான் என்று சாரும் கோட்டைக் கழற்றியிருக்கிறார். அவர் வங்கியில் இருந்தவர், விதியை மதிப்பவர்.

அன்றையிலிருந்து முத்தையா ஸ்டோர் டாட் காம் ஆகிவிட்டது. எல்லார் போனிலும் வருகிறது, தெருவிலிருந்து பார்த்தாலும் தெரிகிறது. பிளாட்ஸ்காரர்கள் போர்ஷன்களைப் பகிர்ந்துகொண்டு இருக்கிறார்கள், கொஞ்சம் நெருக்கடிதான். கோதண்டபாணி சாருக்குக் குழாயடியை ஒட்டிய வீடு கிடைத்தது. இப்போது குழாய்க்கு அவர்தான் செயலாளர். ரிவர்வியூ பிளாட்ஸ் பிரிந்துபோய் டாட் பின்பு என்ற விலாசத்தில் இருக்கிறது. நிரந்தரமாக மூடியது என்று பெயர், ஆனால் பாய் அதற்கும் ஒரு வழி சொல்லிக் கொடுக்கிறார். லிப்டை நினைத்து ஏங்குகிறவர்கள் ஒட்டிய கவரில் கேட்டுக்கொண்டு போய் ஏறி இறங்கிவிட்டு வருகிறார்கள். என் வீட்டுக்காரர் மூன்றாவது மாடி ஜன்னலில் உட்கார்ந்து டிரான்ஸ்பார்மரைப் பார்த்துவிட்டு வருகிறார். அவருக்கு அது பழகிவிட்டது, இல்லாமல் இருக்க முடியவில்லை. பாவம், அவர் திரும்பி வரும்வரை நானும் பிலோமினாவும் தெருவில் நிற்கிறோம்.

பிலோமினா ஊருக்குத் திரும்பவில்லை. கேள்விகள் இன்னும் என் மடியில்தான் வந்து விழுகின்றன. எனக்குத் தெரிந்தது கொஞ்சம், அவளுக்குத் தெரிந்தது ஏராளம். நான் கவரைப் பிரித்துப் பெயரைப் படிப்பேன். அவள் கீரையை ஆய்ந்துகொண்டே விலாசத்தைச் சொல்வாள். காலைப்பொழுது அதிலேயே போய்விடுகிறது. இந்த மாதிரி நாட்கள் எனக்கு மறுபடி கிடைக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

நேற்று ஒரு கவர் வந்தது. தலைப்பில் ஏதோ ஒரு குறி போட்டிருந்தது. சுழி இல்லை, சிலுவை இல்லை, எழுநூற்று எண்பத்தாறும் இல்லை. வளைந்து வளைந்து போகிற ஒரு கோடு, அதன் மேல் புள்ளிகள். எங்கள் இரண்டு பேருக்கும் அது எவருடைய பழக்கம் என்று தெரியவில்லை. உள்ளே ஒரு வாய்க்காலைக் கேட்டிருந்தார்கள். டாட் காம் இல்லை, டாட் முன்பும் இல்லை, டாட் அதற்கும் முன்பு.

"காகிதம் மக்கிப் போச்சு பாரு" என்றாள் பிலோமினா. "யாரோ ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டு இருக்காங்க. சொல்லிடு."

"எங்கேன்னு சொல்றது?"

"நம்ம ஸ்டோர் சுவரெல்லாம் அடியில ஓதம் ஏறியே இருக்கும்ல? இங்கதான் இருந்திருக்கும்."

இங்கேதான் என்று பதில் போட்டேன்.

உடனே வாய்க்கால் வந்துவிட்டது, தண்ணீர் முழங்கால் வரை இருந்தது. ஸ்டோர் இல்லை, தெரு இல்லை, டிரான்ஸ்பார்மர் இல்லை. இரண்டு பக்கமும் நாணல். கோதண்டபாணி சார் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டார். என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டினார். பிலோமினா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு என் தோளைப் பிடித்துக்கொண்டாள், சின்னச் சின்ன மீன்கள் அவள் காலைக் கடிப்பதாகச் சொன்னாள். தண்ணீர் முழங்காலுக்கு இதமாக இருப்பதாகவும் சொன்னாள். மேற்கே இருந்து ஒருவர், அந்தக் கவரில் கேட்டவர் அவராகத்தான் இருக்க வேண்டும், ஒரு கன்றுக்குட்டியை நடத்திக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே வந்தார். கன்றைக் குளிப்பாட்ட வேண்டும், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்றார்.

தள்ளி நின்றோம்.